டெபியன் நிறுவும்போது "புதுப்பிப்புகளை எப்படிக் கையாள்வது?" என்று கேட்கிறது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத படிப்பகத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கண்மாய்க்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடத்தின் நிலைமையைச் சொல்லாமல் கேட்டால் வரும் பதில் எங்களுக்குப் பொருந்தாது.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர் பக்கம் ஒரு கிராமம். வேலை கோயம்புத்தூரில். ஊர் இளைஞர் மன்றம் நடத்தும் படிப்பகத்துக்குப் பழைய டெஸ்க்டாப் கணினிகள் 12 நன்கொடையாக வந்தன. எல்லாமே 64 பிட், 4 ஜிபி ராம். மன்றத்துப் பையன்கள் பணம் போட்டு எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்தார்கள். டெபியன் 13 என்ற லினக்ஸ் இயக்குதளம், அதில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்று முடிவு செய்து, சோதனைக்கு ஒரு கணினியில் மட்டும் நிறுவியிருக்கிறேன். தமிழ் விசைப்பலகை, லிப்ரே ஆபிஸ், சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி, டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸ். இவ்வளவுதான் தேவை.

எக்ஸ்பர்ட் இன்ஸ்டால் வழியாகப் போனேன். மென்பொருள் தேர்வுக்கு முன்னால் ஒரு திரை வந்தது. இந்தக் கணினியின் புதுப்பிப்புகளை எப்படி நிர்வகிக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, தானியங்கிப் புதுப்பிப்பு வேண்டாம் என்று ஒரு தேர்வும், பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாகவே நிறுவு என்று இன்னொன்றும் கொடுத்தது. மேலே இருந்த விளக்கத்தைப் படித்ததும் குழம்பிவிட்டேன். பாதுகாப்பு அறிவிப்பைப் படித்துப் பார்த்துக் கையால் நிறுவுவதே இயல்பான வழி, தானாக நிறுவினால் எப்போதாவது சேவை தடைப்படலாம் என்கிறது. இரண்டுமே ஆபத்து என்பதுபோல் இருக்கிறது.

படிப்பகம் மாலை 5 மணிக்குத் திறந்து இரவு 8:30க்கு மூடப்படும். ஞாயிறு மட்டும் காலையிலிருந்து. பொறுப்பாக இருக்கும் அக்கா கதவைத் திறந்து மெயின் சுவிட்சைப் போடுவார், போகும்போது அதே சுவிட்சை அணைத்துவிடுவார். பிராட்பேண்டு ஒன்று இருக்கிறது, சாயங்கால நேரத்தில் வேகம் குறைந்துவிடும். யூபிஎஸ் கிடையாது. மின்தடை உண்டு. நான் தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழாவுக்குத்தான் ஊருக்கு வருவேன். அந்த அக்காவிடம் ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து "வாரம் ஒருமுறை இந்தக் கட்டளையைப் போடுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. அவருக்கு அது வேலையும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுக்கட்டும்? தானியங்கியை வைத்தால் நெட்டை மொத்தமாக இழுத்துவிடுமா? பாதியில் கரண்ட் போனால் கணினி எழுந்திருக்குமா?

தறிவீடு:

ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் பதில் ஒரே வரி: தானியங்கி வேண்டாம்.

இன்ஸ்டாலர் சொல்வது சரி. டெபியனின் பாதுகாப்பு அறிவிப்பு மடலாடல் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். எந்த பேக்கேஜில் என்ன ஓட்டை, எந்தப் பதிப்பில் சரியாகிறது என்று மடல் வரும். படித்துவிட்டு, ஒரு கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். 2024 ஜூலை 19ஆம் தேதியை மறந்துவிட்டோமா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் ரத்தாயின. அது தானாக இறங்கிய அப்டேட்தான். கையால் போடுகிறவனுக்குக் குறைந்தபட்சம் எப்போது உடைந்தது என்று தெரியும்.

உங்கள் ஊரில் யாராவது ஒரு பையனுக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) கற்றுக்கொடுத்து, மாதம் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். அதுதான் நிலையான வழி.

மல்லிப்பந்தல்:

தறிவீடு சார் சொல்வது அவருடைய சர்வர்களுக்கு முழுக்கச் சரி. அங்கே அறிவிப்பைப் படிக்க அவர் இருக்கிறார், தினமும் உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்டாலரில் இருக்கும் அந்த வாசகம் அவரைப் போன்றவரை மனத்தில் வைத்து எழுதியது. படிப்பகத்தில் படிக்க ஆளே இல்லை. அங்கே "கையால் நிறுவுகிறேன்" என்பதற்கு நடைமுறைப் பொருள் "நிறுவவே மாட்டேன்" என்பதுதான். தம்பி, தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிரவுட்ஸ்ட்ரைக் விஷயம். அது இயக்குதளத்தின் மையமான கர்னல் மட்டத்தில் ஓடும் ஒரு தனியார் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தகவல் கோப்பு. டெபியன் ஸ்டேபிளின், அதாவது எல்லோரும் பயன்படுத்த வெளியிடும் நிலையான கிளையின், பாதுகாப்புப் புதுப்பிப்பு வேறு வகை. அங்கே மென்பொருளின் புதிய பதிப்பைக் கொண்டுவருவதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்துகிறார்கள். பதிப்பு எண்ணின் வாலில் "டெப்13யு1" என்று சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தத் திருத்தத்தின் அடையாளம். ஃபயர்பாக்ஸ் போன்ற சிலதில்தான் புதிய பதிப்பே வரும், அதுவும் நீண்ட ஆதரவு உள்ள இஎஸ்ஆர் வரிசையில். 2024 மார்ச் 29ல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஒளித்துவைத்த பின்வாசல் வெளியே தெரிந்தபோதுகூட, அது டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்ற சோதனைக் கிளைகள் வரைக்கும்தான் வந்திருந்தது, ஸ்டேபிளுக்கு வரவில்லை. எதுவும் உடையாது என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் உடைவதற்கான வாய்ப்பு, திருத்தாமல் விட்டால் வரும் ஆபத்தைவிட மிகச் சிறியது. வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது 2017 மே 12ல். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14லேயே வெளியிட்டுவிட்டது. இடையில் இருந்த இரண்டு மாதம் யாரும் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின.

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தை அந்தக் கணினியில்தான் நிரப்பப் போகிறார்கள், தம்பி. ஆதார் எண், ஜாதிச் சான்றிதழ், சில நேரம் அப்பாவின் வங்கி விவரம். பழைய பிரவுசரில் அதை நிரப்ப விடக்கூடாது.

இனி நிறுவும்போது கவனிக்க வேண்டியவை. அந்த ஒரு திரையில் சரியாகத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் அப்டேட் வந்துவிடாது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நாலைந்து இடம் இருக்கிறது.

பேக்கேஜ் மேலாளரை அமைக்கும் கட்டத்தில், எக்ஸ்பர்ட் வழியில் போனால், எந்தெந்தச் சேவைகளைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்கும். அதில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் என்பதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமானது இது: அந்த நேரத்தில் இணையம் வேலை செய்ய வேண்டும். இன்ஸ்டாலர் பாதுகாப்பு சர்வரைத் தொட்டுப் பார்க்கும். எட்டவில்லை என்றால் பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று குறிக்கும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் அந்த சர்வருக்கான வரியை எழுதி, முன்னால் ஒரு ஹேஷ் குறியைப் போட்டு, சரிபார்க்க முடியாததால் முடக்கிவைத்தேன் என்று குறிப்பும் எழுதிவிடும். அதன்பின் நீங்கள் "தானாக நிறுவு" என்று தேர்ந்தெடுத்திருந்தாலும், எங்கிருந்து எடுப்பது என்று அதற்குத் தெரியாது. தினமும் ஓடும், தினமும் "புதிதாக ஒன்றும் இல்லை" என்று முடிக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். டிவிடி இமேஜிலிருந்து நெட் இல்லாமல் நிறுவும் ஆய்வகங்களில் இது மிகச் சாதாரணம். உங்கள் சோதனைக் கணினியில் இன்றைக்கே அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். சிடிராம் என்று தொடங்கும் வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ப்ராக்ஸி. பேக்கேஜ்களை இறக்கும் மிரர் சர்வரைத் தேர்ந்தெடுத்ததும் எச்டிடிபி ப்ராக்ஸி முகவரி கேட்கும். எல்லோரும் காலியாக விட்டு நகர்ந்துவிடுவார்கள். உங்கள் நெட் பிரச்சினைக்கு விடை அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டில் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பேக்கேஜைப் போட்டு, அதற்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். அது 3142ஆம் போர்ட்டில் காத்திருக்கும். மற்ற பதினொன்றை நிறுவும்போது அந்த ப்ராக்ஸித் திரையில் அதன் ஐபியையும் போர்ட்டையும் கொடுத்துவிட்டால், இன்ஸ்டாலர் அதை ஆப்ட் என்ற பேக்கேஜ் மேலாளரின் அமைப்பில் நிரந்தரமாக எழுதிவிடும். ஃபயர்பாக்ஸ் பேக்கேஜ் ஒன்றே 50 எம்பிக்கு மேல். முதலில் கேட்கும் கணினிக்காக அது ஒருமுறை இறங்கும். மற்றவை உள்வலையிலேயே எடுத்துக்கொள்ளும். நிறுவும் வேலையே பாதியாகக் குறையும், ஏனென்றால் இரண்டாவது கணினியிலிருந்து எல்லா பேக்கேஜும் பக்கத்து மேசையிலிருந்து வரும். மிரர் முகவரி எச்டிடிபியாக இருக்கட்டும், எச்டிடிபிஎஸ் ஆனால் கேச்சர் உள்ளே பார்த்துச் சேமிக்க முடியாது. பேக்கேஜ் பட்டியல் கையொப்பமிடப்பட்டுத்தான் வருகிறது, ஆப்ட் அதைச் சரிபார்க்கும். அதனால் பயப்பட வேண்டாம். கேச்சர் கணினி அணைந்திருந்தால் மற்றவற்றுக்கு அன்றைக்கு அப்டேட் வராது, அவ்வளவுதான்.

பார்டிஷன் பிரிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே பார்டிஷனில் வையுங்கள். சிறியதாகத் தனி பூட் பார்டிஷன் வைத்தால் கர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பி, ஒருநாள் புதிய கர்னலை நிறுவ முடியாமல் மொத்த அப்டேட்டும் நின்றுவிடும். பார்க்க ஆளில்லாத இடத்தில் அந்தச் சிக்கலே வேண்டாம்.

இப்போது நேரம். உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். டெபியனில் இரண்டு டைமர்கள் இருக்கின்றன. ஆப்ட்-டெய்லி பட்டியலைப் புதுப்பிக்கிறது. ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் நிறுவுகிறது. முதலாவது காலை 6, மாலை 6 என்று குறித்திருக்கும், ஆனால் அதன்மேல் 12 மணி நேரம் வரை தற்செயலான தாமதம் சேரும். உலகத்தில் இருக்கும் எல்லா டெபியனும் ஒரே நொடியில் மிரரைத் தட்டக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது காலை 6 மணிக்கு, ஒரு மணி நேரம் வரை தாமதம். கணினி அணைந்திருந்து தவறவிட்டால், போட்டதும் ஈடுசெய்யும், ஆனால் அந்தத் தாமதம் அப்போதும் சேரும். உங்கள் கணினிகள் தினமும் மூன்றரை மணி நேரம்தான் ஓடுகின்றன. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எப்போதோ ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலான நாள் அந்த நேரம் வருவதற்குள் அக்கா சுவிட்சை அணைத்திருப்பார். பட்டியல் புதுப்பிக்கப்படாமல் நிறுவும் டைமர் மட்டும் ஓடிப் பயனில்லை.

எனவே இரண்டு டைமருக்கும் உங்கள் நேரத்தைக் கொடுங்கள். சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையால் ஆப்ட்-டெய்லி.டைமரைத் திறந்து, டைமர் பிரிவில் முதலில் ஆன்காலெண்டர் என்பதைக் காலியாக ஒருமுறை எழுதுங்கள். இது பழைய நேரங்களை அழிக்க. அடுத்த வரியில் 17:10 கொடுங்கள். ரேண்டமைஸ்ட்டிலேசெக் 15 நிமிடம். அதேபோல் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமருக்கு 17:40, தாமதம் 20 நிமிடம். பெர்சிஸ்டன்ட் என்பது ஏற்கெனவே இருக்கும், தொடாதீர்கள். ஐந்தரைக்கு வந்து கணினியைப் போட்டாலும் அது பிடித்துக்கொள்ளும்.

கண்மாய்க்கரை:

மிக்க நன்றி அக்கா. இப்போதுதான் சோதனைக் கணினியைப் பார்த்தேன். நிறுவிய அன்று மதியம் லைன் இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியே பாதுகாப்பு வரி ஹேஷ் குறியோடு இருக்கிறது, அந்தக் குறிப்பும் இருக்கிறது. லாகில் தினமும் "எதுவும் இல்லை" என்றே வந்திருக்கிறது. வரியைத் திறந்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்ததும் கர்னல், ஃபயர்பாக்ஸ் உட்பட ஒரு நீளமான வரிசையே வந்தது.

மின்தடை பற்றி மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது. அதோடு, படிப்பகத்து அக்கா கணினிகளை ஒவ்வொன்றாக ஷட்டவுன் செய்யாமல் மெயினையே அணைத்துவிட்டால்?

மல்லிப்பந்தல்:

தானாக நிறுவும் வேலையைச் செய்வது அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ். அதில் மினிமல்ஸ்டெப்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு, இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் இருக்கும். மொத்த வரிசையையும் ஒரே மூச்சில் நிறுவாமல் சின்னச் சின்னப் பகுதிகளாக நிறுவும். இடையில் ஷட்டவுன் கேட்டால் கையில் இருக்கும் பகுதியை முடித்துவிட்டு விலகிக்கொள்ளும். கரண்ட் திடீரென்று போனால் விலக நேரமில்லை, உண்மை. அப்போதும் ஆட்டோஃபிக்ஸ்இன்டரப்டட்டிபிகேஜி என்ற இன்னொரு அமைப்பு, அதுவும் இயல்பாகவே இருக்கும், அடுத்த முறை ஓடும்போது பாதியில் நின்ற நிறுவும் வேலையை (டிபிகேஜி செய்வது) முதலில் முடித்துவைக்கும். புதிய கர்னல் அரைகுறையாக இருந்து பூட் ஆகவில்லை என்றால் கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் பழைய கர்னல் இருக்கும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அக்காவுக்கு ஒருமுறை காட்டிவிட்டு, ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மெயின் சுவிட்ச் காரணமாக ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்கச் சொல்வேன். இன்ஸ்டால்ஆன்ஷட்டவுன் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அணைக்கும் நேரத்தில் அப்டேட் போடும். படிக்க வசதியாகத் தெரியும். பிள்ளைகள் வேலை செய்யும்போது தொந்தரவில்லை என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். எட்டரை மணிக்கு அக்கா வீட்டுக்குப் போக நிற்பார், திரையில் "காத்திருக்கவும்" என்று நிற்கும், அவர் எவ்வளவு நேரம் நிற்பார்? அணைத்துவிடுவார். அப்டேட் ஓடும் அதே நேரத்தில் கரண்டை நாமே பிடுங்குவதாக ஆகிவிடும். 17:40க்குத் தொடங்கினால் எப்படியும் ஏழு மணிக்குள் முடிந்திருக்கும்.

தானாக ரீபூட் ஆவதையும் இயக்காதீர்கள். இயல்பாகவே அது அணைந்துதான் இருக்கும். சர்வர்காரர்களுக்கு ரீபூட் எப்போது என்பது பெரிய தலைவலி. உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. தினமும் அணைக்கிறீர்கள், மறுநாள் சாயங்காலம் புதிய கர்னலோடுதான் எழும். ஒரே ஒரு தொந்தரவு: ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்போது அப்டேட் ஆனால், புதிய டேப் திறக்கும்போது ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லும். படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர் பதறுவார். விண்ணப்பம் நிரப்புபவர்கள் ஏழு மணிக்கு மேல் வரட்டும் என்று ஒரு பலகை வைத்தால் போதும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அமைப்புகளை மாற்றும்போது 50 என்று தொடங்கும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் கோப்பைத் தொடாதீர்கள். அதே அடைவில் 52 என்று தொடங்கும் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கி உங்கள் மாற்றங்களை அதில் மட்டும் எழுதுங்கள். பின்னால் வருவதால் இதுவே செல்லும். பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது மூலக் கோப்போடு மோதாது.

கடவுச்சொல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது ரூட்டாகவே பின்னணியில் ஓடுகிறது. அக்காவுக்கோ பிள்ளைகளுக்கோ நிர்வாக உரிமை எதுவும் தர வேண்டியதில்லை, தரவும் வேண்டாம்.

பனைமட்டை:

பன்னிரண்டு கணினியிலும் உட்கார்ந்து இதே திரைகளுக்கு இதே பதிலைக் கொடுக்கப் போகிறீர்களா? ப்ரீசீட் கோப்பு எழுதுங்கள். இன்ஸ்டாலர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் எழுதிவைக்கும் கோப்பு அது. கேச்சர் கணினியிலேயே சின்ன வெப் சர்வர் ஒன்றில் வைத்துவிட்டு, இன்ஸ்டாலரின் பூட் வரியில் "ஆட்டோ" என்று சொல்லி அந்தக் கோப்பின் முகவரியைக் கொடுத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாக் கணினியும் முடிந்துவிடும், பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எங்காவது ஒரு திரையில் கை தவறி வேறு தேர்வு போய்விடும் என்ற பயமும் இல்லை.

இங்கே பேசும் விஷயத்துக்கு அதில் மூன்று வரி முக்கியம். பிகேஜிசெல் பிரிவில் அப்டேட்-பாலிசி என்பதற்கு அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்று பதில். மிரர் பிரிவில் ப்ராக்ஸிக்குக் கேச்சரின் முகவரி. பிகேஜிசெல் பிரிவிலேயே அப்கிரேட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கு ஃபுல்-அப்கிரேட்.

முதலாவதையும் கடைசியையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். அப்கிரேட் என்பது நிறுவி முடிக்கும் அந்த ஒரு தடவை இருக்கும் பேக்கேஜ்களைப் புதுப்பிப்பது. அப்டேட்-பாலிசி என்பது அதன்பின் தினமும் என்ன செய்ய வேண்டும் என்பது. உபுண்டு டெஸ்க்டாப் இன்ஸ்டாலரில் "நிறுவும்போதே அப்டேட்டுகளை இறக்கு" என்று ஒரு கட்டம் இருந்ததே, அதுவும் முதல் வகைதான். அதில் டிக் போட்டுவிட்டு, இனி எல்லாம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உபுண்டு சர்வரில் பழைய இன்ஸ்டாலர் டெபியன் மாதிரியே இந்தக் கேள்வியைக் கேட்கும், இப்போதைய இன்ஸ்டாலர் கேட்பதில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு இயல்பாகவே தானாக வரும்படி வைத்துவிட்டார்கள்.

டைமர் மாற்றங்களையும் 52ஆம் கோப்பையும் ப்ரீசீடின் லேட்-கமாண்ட் வரியில் சேர்த்துவிடலாம். நிறுவி முடித்து ரீபூட் ஆவதற்கு முன் அது ஓடும்.

தறிவீடு:

படிக்க ஆளில்லாத இடம் என்ற வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் என் சர்வர்களை வைத்துப் பேசினேன். அந்த டைமர் கணக்கு எனக்கும் புதிது. சர்வர் அணைவதே இல்லை என்பதால் யோசித்ததில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிள்ளைகள் குரோம் கேட்பார்கள், நீங்களும் கூகுளின் டெப் கோப்பை இறக்கிப் போட்டுவிடுவீர்கள். அது தன் சொந்த ரெப்போவை (பேக்கேஜ் களஞ்சியத்தை) சேர்த்துக்கொள்ளும். ஆனால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இயல்பாக டெபியனின் ரெப்போக்களை மட்டும்தான் தொடும். குரோம் அப்படியே பழசாகிக்கொண்டிருக்கும், எல்லாக் கணினியிலும் தானியங்கி ஓடுகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். ஃபிளாட்பேக் வழியாகப் போடும் மென்பொருளும் இதற்குள் வராது. டெபியனில் இருக்கும் ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர், அல்லது டெபியனின் குரோமியம், இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மல்லிப்பந்தல்:

இது மிக முக்கியமான சேர்க்கை சார், நன்றி. வேறு வழியில்லாமல் வெளி ரெப்போ வேண்டும் என்றால் 52ஆம் கோப்பில் ஆரிஜின்ஸ்-பேட்டர்ன் என்பதில் அதையும் சேர்க்கலாம். ஆனால் படிப்பகத்துக்கு அது தேவைப்படாது.

கண்மாய்க்கரை:

அக்கா, தறிவீடு அண்ணே, பனைமட்டை, மூவருக்கும் நன்றி. ப்ரீசீட் கோப்பை எழுதத் தொடங்கிவிட்டேன். அடுத்த பயணத்தில் மற்ற பதினொன்றையும் முடித்துவிடுவேன்.

இரண்டு கேள்வி மட்டும். இது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று கோயம்புத்தூரிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? மடல் அனுப்பும் வசதி இருப்பதாகப் படித்தேன், ஆனால் அங்கே மெயில் சர்வர் அமைப்பது எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது. இன்னொன்று, இப்படியே விட்டால் எத்தனை வருஷம் ஓடும்? ஒருநாள் தானாகவே டெபியன் 14க்குத் தாவி எல்லாவற்றையும் மாற்றிவிடுமா?

மல்லிப்பந்தல்:

தாவாது. இன்ஸ்டாலர் சோர்சஸ்.லிஸ்டில் "ட்ரிக்ஸி" என்ற டெபியன் 13இன் பெயரையே எழுதுகிறது, அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸும் அந்தப் பெயருக்குள் வருவதை மட்டும் எடுக்கிறது. யாராவது கட்டுரையைப் பார்த்து அந்த இடத்தில் "ஸ்டேபிள்" என்று மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9. மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதற்குமேல் இரண்டு ஆண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) குழுவின் ஆதரவு. அதாவது 2030ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். அதற்குப் பிறகு டைமர் ஓடிக்கொண்டே இருக்கும், வருவதற்கு ஒன்றும் இருக்காது. 2029 பொங்கலுக்கோ சித்திரைக்கோ வரும்போது அடுத்த பதிப்புக்கு நீங்களே உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். படிப்பகக் கணக்கு நோட்டில் அந்த வருஷத்தை எழுதிவையுங்கள், மன்றத்தில் வேறு ஆள் பொறுப்புக்கு வந்தாலும் தெரியும்.

கண்காணிக்க மெயில் சர்வர் வேண்டாம். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸின் லாகில் கடைசிப் பத்து வரியையும், சோர்சஸ்.லிஸ்டில் பாதுகாப்பு வரி திறந்திருக்கிறதா என்பதையும் காட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதி, ஒவ்வொரு கணினியின் டெஸ்க்டாப்பிலும் ஐகானாக வையுங்கள். லாகைப் படிக்கச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தக் கோப்புக்கு மட்டும் கொடுங்கள். மாதம் ஒருநாள் அக்கா ஏதாவது இரண்டு கணினியில் அதை அழுத்தி, திரையைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பட்டும். படத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியாக ஏதாவது நிறுவப்பட்ட தேதி. "எதுவும் இல்லை" என்ற வரி மட்டும் ஒரு மாதம் முழுக்க வந்திருந்தால் அங்கே ஏதோ சரியில்லை. ஃபயர்பாக்ஸுக்கு மட்டுமே ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு வரும். அப்படி வந்தால் முதலில் கேச்சர் கணினி ஓடுகிறதா என்று கேளுங்கள், அடுத்துப் பாதுகாப்பு வரியைப் பாருங்கள்.

நிறுவி முடித்த அன்றைக்கே, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன், ஒவ்வொரு கணினியிலும் அன்அட்டெண்டட்-அப்கிரேடை டிரை-ரன், டீபக் என்ற இரண்டு தேர்வோடும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதையும் நிறுவாது. எந்தெந்த மூலங்களை அனுமதிக்கிறது என்று முதல் சில வரிகளில் அச்சிடும். அதில் டெபியன்-செக்யூரிட்டி என்று வரவில்லை என்றால் அந்தக் கணினியைச் சரிசெய்த பிறகு பஸ் ஏறுங்கள்.